ரிகாப் கிண்ணத்தில் இஞ்சி டீ

போன மாதம் ஒரு நாள் காலையில் ஷீபா போன் செய்தார். நான் வேலை பார்த்த கிளப்பின் பாரை இப்போது அவர்தான் நடத்துகிறார். ரிகாப் என்கிற காக்டெயிலுக்குச் சர்க்கரையைப் பொடித்துப் போடுவதா, பாகாக விடுவதா என்று கேட்டார். பொடித்துத்தான் என்றேன். ரிகாப்பை இப்போது மெனுவில் போட்டுவிட்டார்களாம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக் குடிக்கலாமாம். "நீங்க ஒருதரம் சர்வ் பண்ணும்போது ஏதோ பிரச்னை ஆச்சாமே அங்கிள், என்னது அது?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அது பெரிய கதை என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மேம்பாலம் வரை நடந்து போய்த் திரும்பினேன், மறுபடியும் போனேன். அவர் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். நாங்கள் பௌத்தர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சசீலம் சொல்லித்தான் வளர்ந்தோம். அதில் ஐந்தாவது, மதுவைத் தொடமாட்டேன் என்பது. அதைச் சொன்ன வாயால்தான் என் அண்ணன் தம்மராஜ் குடித்தான். நாற்பது வயதைத் தாண்டவில்லை. அவனை எடுத்து எரித்த பிறகு, எப்போதாவது குடித்துக்கொண்டிருந்த நானும் விட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பார் வேலை. எம்.ஜி. ரோடு பக்கத்து ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, ஐஸ் உடைத்து, பாட்டில் பெயர்களைப் பாடமாக்கி, பாரின் உள்பக்கம் போய் நிற்பதற்கு எட்டு வருஷம் ஆனது. தொண்ணூற்றொன்றில் கண்டோன்மென்ட்டில், ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய கிளப்பில் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

அங்கே பாருக்குப் பொறுப்பு ஹபீப் பாய். வாழ்நாளில் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. ஆனால் பெங்களூரில் அவரை ஏமாற்றி ஒரு கிளாஸை நீட்டிவிட முடியாது. எல்லாம் மூக்குதான். காலை பத்து மணிக்கு இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வருவார். பாட்டில்களைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்வார். நாங்கள் கலந்து வைப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே ஒரு தரம் கொண்டுபோவார். சரியாக இருந்தால் அப்படியே வைத்துவிடுவார். சரியில்லை என்றால் ஒற்றை விரலால் கிளாஸை ஓர் அங்குலம் எங்கள் பக்கம் தள்ளுவார். திட்டமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். எலுமிச்சை கூடிவிட்டதா, ஐஸ் கரைந்துவிட்டதா என்பதை நாங்களே கண்டுபிடித்து மறுபடியும் கலக்க வேண்டும். முதல் வருஷம் அந்த ஓர் அங்குலம் என் தூக்கத்தில்கூட வந்தது.

அவருக்கு இருந்தது ஒரே கட்டளை. எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதுதான் கிளாஸில் இருக்க வேண்டும். ஒருமுறை எங்களில் ஒருவன் உயர்ந்த பிராந்தி பாட்டிலில் மட்டமானதை ஊற்றி வைத்தான். மூடியைத் திறந்ததுமே ஹபீப் பாய்க்குத் தெரிந்துவிட்டது. அன்று மதியமே அவனை வேலையைவிட்டு அனுப்பினார். குடிப்பது அவர் மார்க்கத்தில் பாவம். குடிக்கிறவனை ஏமாற்றுவது அதைவிடப் பெரிய பாவம் என்று அன்று எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

ரிகாப் என்பது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம். அந்தக் காலத்தில் விருந்தாளி விடைபெற்றுக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்த பிறகு, கீழே நின்று கடைசியாக ஒரு கிண்ணம் மது நீட்டுவார்களாம். ஆங்கிலத்தில் அதை ஸ்டிரப் கப் என்பார்கள். ஹபீப் பாய் ரிகாப் என்று சொன்னதால் நாங்களும் அப்படியே சொன்னோம். ஊரைவிட்டே போகிற மெம்பருக்கும், பெரிய விருந்தாளிக்கும் போர்ட்டிகோவில் கார் கதவருகே வைத்து அதைக் கொடுப்பது கிளப்பின் வழக்கம்.

பிராந்தி ஒரு பங்கு, செர்ரி பிராந்தி ஒரு பங்கு. புத்தகத்தில் அரை எலுமிச்சை என்று இருக்கும். நம் ஊர்ப் பழத்துக்குப் புளிப்பு அதிகம், கால் பழம் போதும். சர்க்கரை குளிரில் கரையாது, அதனால் மாவாகப் பொடிக்க வேண்டும். ஐஸைத் துணியில் கட்டிக் கட்டையால் உடைத்து, ஒருமுறை தண்ணீரில் அலசித் தூளைப் போக்கிவிட்டுத்தான் ஷேக்கரில் போட வேண்டும். ஷேக்கர் வெளியே பனி பூத்து உள்ளங்கையோடு ஒட்டும்வரை குலுக்க வேண்டும். வடிகட்டி ஊற்றுவது வெள்ளி முலாம் பூசிய சின்னக் கிண்ணங்களில். அந்தக் கிண்ணங்களுக்கு அடி கிடையாது, கீழே கூம்பாக முடியும். வட்டத் துளைகள் போட்ட மர ட்ரேயில்தான் நிற்கும். கையில் எடுத்தவர் மேஜைமேல் வைக்க முடியாது. குடித்து முடித்துக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். எல்லாருடைய கிண்ணமும் ஒரே ஷேக்கரிலிருந்து வர வேண்டும் என்பது ஹபீப் பாயின் விதி.

எட்வின் சார் கிளப்பின் பழைய மெம்பர். ஒரு தொழிற்சாலையில் பெரிய என்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாகச் சொந்த வீடு. கிளப் வேலைக்காரர்களை நீங்க, வாங்க என்று பேசும் சில பேரில் ஒருவர். நன்றாகக் குடிப்பவர்தான். ஆனால் அவர் ஊரில் இருந்த கடைசி வருஷத்தில் ஒரு நாள், பாரில் கூட்டமில்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தார். ஜின் கிளாஸில் வெறும் சோடாவும் எலுமிச்சைத் துண்டும் போட்டுத் தரச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வந்து உட்கார்ந்தாலே அதைத்தான் கொடுப்பேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஜின் என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

தொண்ணூற்றேழில் அவரும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போவதாக முடிவு செய்தார்கள். ஞாயிறு மதியம் கிளப்பில் வழியனுப்பு விருந்து, அங்கிருந்து நேராக ஏர்போர்ட். அந்த வெள்ளிக்கிழமை, பார் திறக்கும் முன்பே அவர் மனைவி கிரேஸ் மேடம் வந்தார். உட்காரவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை ட்ரே நீங்கதானே அசோகன் எடுத்துட்டு வருவீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவர் விட்டுப் பதினோரு மாசம் ஆகுது. நாக்குல ஒரு சொட்டுப் பட்டாக்கூட மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அத்தனை பேர் முன்னாடி வேண்டாம்னு சொல்ல அவரால முடியாது. அவர் கிண்ணத்துல மட்டும் வேற ஏதாவது ஊத்திடுங்க. அவருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா கூசிப்போயிடுவார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் அண்ணனும் ஒரு தடவை ஏழு மாதம் குடிக்காமல் இருந்தான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ வற்புறுத்தினார்கள், அதோடு போயிற்று. அந்த அம்மா பேசியபோது எனக்கு அந்தக் கல்யாணப் பந்தல்தான் கண்முன் நின்றது.

மறுநாள் எட்வின் சாரே வந்தார், லைப்ரரி புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டார். வராது சார் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வருகிறவர்போல ஒரு நிமிஷம் நின்றார். நானும் நின்றேன். அவரிடம் அங்கேயே கேட்டிருக்கலாம். பதினோரு மாதம் சோடா ஊற்றிக் கொடுத்தவனுக்கு அந்த உரிமை இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கெட்டியாக டிகாக்‌ஷன் எடுத்து ஆறவைத்தேன். தொண்டையில் ஒரு காரம் இருக்கட்டும் என்று இஞ்சி தட்டிப் போட்டேன். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். விளிம்பில் லேசாக நசுங்கிய கிண்ணம் ஒன்று இருந்தது, அதில் ஊற்றினேன். மற்றவற்றில் ரிகாப். ஹபீப் பாய் வந்து வழக்கம்போல ஒவ்வொன்றாக முகர்ந்தார். நசுங்கிய கிண்ணத்தருகே வந்ததும் நின்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் விரல் அசையவில்லை. அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டார்.

போர்ட்டிகோவில் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். காரின் பின்கதவு திறந்திருந்தது. நசுங்கிய கிண்ணம் எட்வின் சாரின் கைப்பக்கம் வரும்படி ட்ரேயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த பிரசிடென்ட் முன்னால் வந்தார். விருந்தாளிக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் இரண்டு கிண்ணங்களை எடுத்தார். வலது கையில் இருந்ததை எட்வின் சாரிடம் நீட்டினார். இடது கையில் இருந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டார். நசுங்கிய கிண்ணம் அவருடைய இடது கையில் இருந்தது.

பிறகு பேச ஆரம்பித்தார். கிளப்பின் டென்னிஸ், எட்வின் சார் ஆடிய பிரிட்ஜ், பழைய கிறிஸ்துமஸ் விருந்துகள் என்று போனது. நான் மிச்சக் கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். எட்வின் சார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அதன் விளிம்பில் போய்ப் போய் வந்தது. கிரேஸ் மேடம் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வேறு கிண்ணம் தருகிறேன் என்று சொல்லலாமா? ஏன் என்று கேட்பார்கள். காதில் போய்ச் சொல்லலாமா? முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிரசிடென்ட் கிண்ணத்தை உயர்த்தினார். கிண்ணம் வைத்திருந்த எல்லாரும் உயர்த்தினார்கள். எட்வின் சாரும் உயர்த்தினார், வாயைத் திறந்தார்.

நான் ட்ரேயோடு ஓர் அடி முன்னால் வைத்து, தோளால் அவர் முழங்கையை இடித்தேன்.

பிராந்தி முழுவதும் அவருடைய வெளிர்நிறக் கோட்டில் கொட்டியது. கிண்ணம் படியில் உருண்டது. யாரோ துணி கொண்டுவரச் சொன்னார்கள், யாரோ என்னைக் குருடா என்று கேட்டார்கள். எட்வின் சார் திறந்த வாயோடு அப்படியே நின்றார். பிரசிடென்ட் சங்கடத்தை மறைக்கச் சிரித்தபடி தன் கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கிண்ணத்துக்குள் பார்த்தார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவர்களைக் காரில் ஏற்றினார்கள். கார் கேட்டைத் தாண்டும்வரை பிரசிடென்ட் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து விசாரணை. கமிட்டி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரசிடென்ட்டின் கிண்ணத்தில் டீ ஏன் இருந்தது, அந்தப் பிராந்தி எங்கே போயிற்று என்று கேட்டார்கள். தப்பு நடந்துவிட்டது சார் என்றேன். அதற்குமேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது. எதைச் சொன்னாலும் எட்வின் சார் பெயர் வரும். அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிராந்தியை நான் குடித்துவிட்டேன், அளவு குறையாமல் இருக்க டீயை ஊற்றினேன், போதையில் தடுமாறி விருந்தாளிமேல் விழுந்தேன். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஹபீப் பாயைக் கூப்பிட்டு, ட்ரேயைப் பரிசோதித்தீர்களா என்றார்கள்.

"பார்த்தேன் சாப். ஒரு கிண்ணத்துல டீ இருந்தது எனக்குத் தெரியும். நான்தான் போகட்டும்னு விட்டேன்."

ஏன் என்று கேட்டார்கள்.

"அசோக் காரணம் இல்லாம செய்யமாட்டான். என்ன காரணம்னு நான் கேக்கல. இவன் குடிச்சிருந்தா என் மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும். குடிக்கல."

அதனால் வேலை தப்பியது. என்னைப் பாரிலிருந்து எடுத்து டென்னிஸ் கோர்ட் ஓரத்து ஜூஸ் கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். ஹபீப் பாய்க்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவர் சர்வீஸில் வாங்கிய முதல் கடிதம் அது. படியிறங்கும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார், ஏன் தன்னிடம் முன்பே சொல்லவில்லை என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு ஜூஸ் கவுன்ட்டர் பக்கம் நடந்தேன். அடுத்த வருஷம் அவர் ரிட்டையர் ஆகும்வரை வேலை விஷயம் தவிர என்னோடு பேசவில்லை.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். என் மனைவி ரோகிணிக்கு என் அண்ணன் கதை முழுக்கத் தெரியும். கிளப்பில் நான் குடித்துவிட்டு விழுந்ததாக எப்படியோ தெருவரை செய்தி வந்துவிட்டது. ஒரு மாதம்வரை, சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது என் கையிலிருந்து பையை வாங்குகிற சாக்கில் முகத்தருகே வந்து மூச்சு இழுத்துப் பார்ப்பாள். நான் பார்த்தும் பார்க்காதவன்போல இருப்பேன். ஒரு நாள் தாங்காமல், நான் குடிக்கவில்லை என்றேன். "அப்ப என்னதான் நடந்தது, சொல்லேன்" என்றாள். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பையை வாங்க வரவில்லை.

ஆறு வருஷம் சாத்துக்குடி பிழிந்தேன். ஒரு மனுஷனைக் காப்பாற்றினோம், அதற்கு இது விலை என்று சொல்லிக்கொள்வேன். முதல் வருஷம் கடிதம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. போய் நல்லபடியாக இருக்கிறார், அதனால்தான் நம் நினைப்பு வரவில்லை என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு காலை, டென்னிஸ் ஆடுகிறவர்கள் போன பிறகு, கவுன்ட்டர் முன்னால் ஒருவர் வந்து நின்றார். மிகவும் இளைத்திருந்தார். குரல் கேட்ட பிறகுதான் எட்வின் சார் என்று தெரிந்தது. சோடாவும் எலுமிச்சையும் கொடுத்தேன். கிரேஸ் மேடம் எல்லாவற்றையும் போன வருஷம்தான் அவரிடம் சொன்னாராம். என்னைப் பார்ப்பதற்காகவே கிளப்புக்கு வந்ததாகச் சொன்னார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றேன்.

"அன்னிக்கு நான் ஒரு வரி ரெடி பண்ணி வச்சிருந்தேன் அசோகன்" என்றார். "'நான் குடியை விட்டுப் பதினோரு மாசம் ஆகுது, இதை இந்தச் செடிக்கு ஊத்தறேன்'னு. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். இந்த ஊரைவிட்டுப் போறதுக்கு முன்னாடி இவங்க முன்னாடி அதைச் சொல்லிடணும்னு. முதல் நாள் வராந்தாவுலயே உங்ககிட்ட சொல்ல வந்தேன். கிண்ணத்தைத் தூக்கினேன், வாயைத் திறந்தேன், நீங்க இடிச்சிட்டீங்க."

நான் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் ஒரே கலாட்டா. கார்ல ஏத்திட்டாங்க. அந்த வரி அப்படியே வாய்க்குள்ள நின்னுபோச்சு. கோட்டு பூரா அந்த வாசனை. பாம்பேல பிளேன் மாறினதும் நானே கேட்டு வாங்கிட்டேன். அதுக்கப்புறம் மூணு வருஷம் ஆச்சு, மறுபடியும் நிறுத்தறதுக்கு."

மன்னிச்சிடுங்க சார் என்றேன்.

"மன்னிப்புக்காக வரல. உங்கமேல கோபமும் இல்ல. குடிச்சது நான், நீங்க இல்ல. ஆனா நீங்களும் கிரேஸும் சேர்ந்து என்னைப் பத்தி முடிவு பண்ணீங்க. என்னை யாரும் கேக்கல. அதை உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தது."

சோடாவை முழுவதும் குடித்தார். நான் ஏன் ஜூஸ் கவுன்ட்டரில் நிற்கிறேன் என்பதை வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக செக்ரட்டரி அறைக்குப் போனார். அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். தான் குடிக்கு அடிமையாக இருந்தது, அந்த டீ யாருக்காக ஊற்றியது, நான் ஏன் இடித்தேன், ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாம். அடியில் முழுப் பெயரும் போட்டிருந்தார். செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு அதைப் படிக்கக் கொடுத்தார். அடுத்த மாதமே பாருக்குத் திரும்பினேன்.

கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ரோகிணியிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ஃப்ரேசர் டவுனில் ஹபீப் பாய் வீட்டுக்கும் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்து முடித்தார்.

"தப்பு உன்னோடது மட்டும் இல்ல அசோக். எனக்கும் மூக்குல தெரிஞ்சுது. நானும் கேக்கல" என்றார். அதற்குப் பிறகு டீ வந்தது. பழையபடி பேசிக்கொண்டிருந்தோம்.

பாரில் இருந்த மிச்ச வருஷங்களில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாருக்கு ரிகாப் கொடுக்கப் போகிறோமோ அவரிடம் முதல் நாளே போய், நாளைக்கு உங்கள் கிண்ணத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்பேன். பெரும்பாலும் சிரிப்பார்கள். ஒரு ரிட்டையர்ட் ஜட்ஜ் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீர் என்றார். தண்ணீரே ஊற்றினேன்.

ஷீபா, நீங்கள் கேட்டது இதுதான். இதில் நான் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டீர்கள் என்றால், மனிதரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பேன். அது உண்மைதான். ஆனால் மேம்பாலம்வரை நடக்கும்போது எனக்கு வருகிற யோசனை வேறு. போர்ட்டிகோவில் அந்த நிமிஷம் மறுபடியும் வந்து, அவர் கையில் அந்தக் கிண்ணம் இருந்து, வாயைத் திறந்தால், அவர் பேசத்தான் திறக்கிறார் என்று நம்பிக்கொண்டு நான் சும்மா நிற்பேனா? இத்தனையும் தெரிந்த பிறகும், என் தோள் இடிக்கத்தான் போகும் என்று தோன்றுகிறது.